சூடு தெரியுதா?

தாராவியில் பொழுது விடிவதே இட்லி ஆவியில்தான். மார்ச் மாதத்து ஒரு காலை, ஐந்து மணி. 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் நுழைந்தேன். எதிரே ஒருவர் வந்தால் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டிய சந்து. திறந்து கிடந்த வீடுகளுக்குள் அடுப்புகள் சீறிக்கொண்டிருந்தன. இங்கே வேகும் இட்லி வெயில் ஏறுவதற்குள் சைக்கிளிலும் தலைச்சுமையிலும் மும்பை நகரம் முழுக்கப் போய்விடும்.

என்னை அழைத்து வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எழுபதைத் தாண்டியவர். தொழுநோய்க் களப்பணியாளராக முப்பது வருடத்துக்கு மேல் இதே சந்துகளில் நடந்துவிட்டு ஓய்வு பெற்றவர். இங்கே எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. நரம்பு மண்டலத்தைப் பற்றி எழுத வேண்டும், எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவரிடம் கேட்டிருந்தேன். “ஆஸ்பத்திரி அப்புறம் பாத்துக்கிடலாம். மொதல்ல இட்லி வீட்டுக்கு வாங்க” என்று சொல்லிவிட்டார்.

அந்த வீட்டு அக்கா முதல் ஈட்டை இறக்கிக்கொண்டிருந்தார். கொப்பரை மூடியைத் திறந்ததும் அறை முழுக்க ஆவி. பக்கத்துச் சட்டியில் தண்ணீர். வலது கை விரல்களை அதில் நனைப்பார், இட்லியின் நடுவில் ஒரு கணம் வைப்பார், எடுப்பார். விரலில் மாவு ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. கண் வேறெங்கோ இருந்தது. விரல்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நானும் ஒரு தட்டை நகர்த்தப் போனேன். விளிம்பு பட்டது. கை தானாகப் பின்னால் வந்துவிட்டது. கை வந்த பிறகுதான் ‘சுட்டுவிட்டது’ என்ற நினைப்பே வந்தது. இன்னும் ஒரு கணம் கழித்து விரல் நுனியில் எரிச்சல் பரவ ஆரம்பித்தது.

“சுட்டுச்சா?” என்றார் அண்ணாச்சி.

“சுட்டுச்சு.”

“நல்லது” என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

கை முந்தும், நினைப்பு பிந்தும்

அந்த ஒரு கணத்துக்குள் மூன்று காரியங்கள் நடந்தன. விரல் தோலில் இருக்கும் நரம்பு முனைகள் சூட்டை உணர்ந்து செய்தி அனுப்பின. செய்தி கை வழியாகக் கழுத்துப் பக்கம் தண்டுவடத்துக்குள் நுழைந்தது. தண்டுவடம் மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே வந்த செய்தியை இடையிலிருக்கும் நரம்பு செல்கள் வழியாக இயக்க நரம்புக்குக் கொடுத்தது. புயத்துத் தசை சுருங்கியது, கை மடங்கியது. இதற்குத்தான் அனிச்சைச் செயல் என்று பெயர். மூளைக்கும் அதே நேரத்தில் தகவல் போகிறது. ஆனால் அது போய்ச் சேர்ந்து ‘சுட்டது’ என்று நமக்குப் புரிவதற்குள் கை தப்பித்துவிடுகிறது.

எரிச்சல் ஏன் பிந்தி வந்தது? வலியைக் கொண்டுபோக இரண்டு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. ஒன்று மெல்லிய உறை போர்த்தது. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை ஓடும். ‘சுருக்’ என்ற முதல் வலி இதில் வருவது. மற்றது உறையே இல்லாதது. நொடிக்கு ஒரு மீட்டர் அளவில், நாம் நடக்கும் வேகத்தில்தான் போகும். நீடித்து நிற்கும் எரிச்சல் இதில் வருகிறது. விரலிலிருந்து தண்டுவடத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம். அதனால்தான் சுருக்கென்ற வலிக்கும் எரிச்சலுக்கும் நடுவே ஒரு நொடி இடைவெளி.

அக்கா என் விரலைப் பிடித்துத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கினார். “பழகாத கை. எங்களுக்கும் சுடத்தான் செய்யும். சுடலைன்னாத்தான் பயப்படணும்” என்றார். பதினைந்து வருடத்துக்கு முன் அடுத்த வீட்டில் ஒருவருக்குத் தொழுநோய் வந்ததை அண்ணாச்சி கண்டுபிடித்ததையும் சொன்னார். கொதிக்கும் கொப்பரையை வெறுங்கையால் இறக்குவாராம் அந்த மனிதர். ‘என்ன தைரியம்’ என்று சந்தே மெச்சியதாம்.

தோலைத் தோலால் படிப்பவர்கள்

அங்கிருந்து தோல் பட்டறைகள் இருக்கும் பகுதிக்கு நடந்தோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்த தமிழர்களில் பலருக்குத் தாராவியில் முதலில் கிடைத்த வேலை தோல் பதனிடுவது. பதனிடும் தொட்டிகள் போய்விட்டன. பெல்ட், பர்ஸ், பை தைக்கும் கடைகள் இருக்கின்றன. ஒரு பட்டறையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் ஆட்டுத்தோலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓரம் முழுக்க உருட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நின்றார். “இங்க மெலிசு. இத மேல்பக்கத்துக்கு வைக்கக் கூடாது, கிழிஞ்சுரும்” என்றார். நான் தொட்டுப் பார்த்தேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

ஒரு மனிதக் கையின் உட்புறத்தில் தொடுகையை உணரும் நரம்பிழைகள் சுமார் 17,000 இருக்கின்றன. அவை அதிகம் குவிந்திருப்பது விரல் நுனிகளில். அழுத்தத்துக்கு ஒரு வகை, அதிர்வுக்கு ஒரு வகை, வழுக்கலுக்கு ஒரு வகை, தோல் இழுபடுவதற்கு ஒரு வகை. அந்தத் தொழிலாளியின் விரலிலும் என் விரலிலும் இந்தக் கணக்கில் பெரிய வேறுபாடு இருக்காது. வேறுபாடு மூளையில் இருக்கிறது.

மூளையின் மேற்பரப்பில், காதிலிருந்து உச்சந்தலை நோக்கிப் போகும் ஒரு பட்டையில், உடம்பு முழுவதற்கும் ஒரு வரைபடம் உண்டு. கனடாவின் மாண்ட்ரீலில் வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்த வைல்டர் பென்ஃபீல்ட் 1930களில் இதை விரிவாக வரைந்தார். நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, எங்கே உணர்கிறீர்கள் என்று அவர்களையே கேட்டார். மூளைக்கு வலி தெரியாது என்பதால் அது முடிந்தது. உடம்பின் வலியையெல்லாம் அறிகிற உறுப்புக்குத் தன்னைத் தொட்டால் தெரிவதில்லை. மண்டையோட்டின் இருட்டுக்குள் இருக்கும் ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள அந்த உறுப்பு, வெளியே நடப்பதை நரம்புகள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த வரைபடத்தில் முதுகுக்குக் கிடைத்திருப்பது துண்டு நிலம். உதட்டுக்கும் விரல்களுக்கும் பெரிய பரப்பு. வலது கையின் வரைபடம் இடது மூளையில், இடது கையினுடையது வலது மூளையில். அது கல்லில் வெட்டியதும் அல்ல. தினமும் பயன்படும் விரலுக்கு நிலம் விரியும், பயன்படாததற்குச் சுருங்கும். தோல் பார்க்கும் அந்த விரல்களுக்குப் பின்னால் முப்பது வருடப் பழக்கம் மூளையில் எழுதப்பட்டிருக்கிறது.

பேனா முனையில் ஒரு மௌனம்

பத்து மணிக்கு அண்ணாச்சி என்னை ஒரு மாடிவீட்டுக்கு ஏணிப்படி வழியாக அழைத்துப் போனார். வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் சுகாதார சேவிகை, மராத்திக்காரப் பெண், ஏற்கெனவே அங்கே இருந்தார். பை தைக்கும் இளைஞர் ஒருவரின் முன்கையில் தேமல் ஒன்று இருப்பதாக அவர்தான் அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கு முன் தமிழில் பேசிப் புரியவைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய தேமல். சுற்றியிருக்கும் தோலைவிட வெளிறியது. அரிப்பு இல்லை, வலி இல்லை. “வெயில்ல வந்திருக்கும்னு விட்டுட்டேன்” என்றார் இளைஞர்.

அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து சாதாரண பால்பாயிண்ட் பேனாவை எடுத்தார். முதலில் இளைஞர் பார்க்கும்படியே தொட்டுக் காட்டினார். “தொடுற இடத்த ஒத்த விரலால காட்டணும். சரியா? இப்பம் கண்ண மூடிக்கிடுங்க.”

பேனா முனை மணிக்கட்டில் பட்டது. இளைஞரின் விரல் அந்த இடத்துக்கு வந்தது. முழங்கைக்குக் கீழே பட்டது. விரல் வந்தது. தேமலுக்கு வெளியே, அரை அங்குலத் தூரத்தில் பட்டது. விரல் வந்தது. பிறகு பேனா தேமலின் நடுவில் பட்டது.

விரல் வரவில்லை. இளைஞர் கண்ணை மூடியபடி, அடுத்த தொடுகைக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பேனாவை எடுத்து இன்னொரு முறை வைத்தார். கீழே யாரோ குடத்தை இறக்கும் சத்தம் கேட்டது. “தொடுங்கண்ணாச்சி” என்றார் இளைஞர்.

அவர் கண்ணைத் திறந்தபோது பேனா முனை தோலின் மேல்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியாது.

அண்ணாச்சி அவருடைய முழங்கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டு, உட்புற எலும்புக்குப் பின்னால் விரலை மெல்ல ஓட்டினார். பிறகு என் விரலை எடுத்து என் முழங்கையிலேயே வைத்தார். அங்கே ஒரு பள்ளம். அதற்குள் நூல்கயிறு போல ஒன்று உருண்டது. சுவரில் முழங்கையை இடித்துக்கொண்டால் ‘கரண்ட் அடித்த மாதிரி’ சுண்டுவிரல் வரை ஓடுமே, அது இந்த அல்னார் நரம்பு. உடம்பின் பெரிய நரம்புகளில் இவ்வளவு மேலாக, தோலுக்கு நேர் கீழே ஓடுகிறவை சிலதான்.

கரண்ட் என்று நாம் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் செம்புக் கம்பியில் ஓடும் கரண்ட் வேறு. நரம்பிழைக்கு உள்ளும் வெளியும் உப்புத் தண்ணீர். ஓய்வில் இருக்கும்போது உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 70 மில்லிவோல்ட் அளவுக்குக் குறைவாக இருக்கும். தூண்டல் வந்ததும் அதன் சவ்வில் சின்னஞ்சிறு வாசல்கள் திறந்து சோடியம் உள்ளே பாயும். மின்னழுத்தம் சட்டென்று ஏறும். உடனே பொட்டாசியம் வெளியேறி அதை இறக்கும். ஒரு இடத்தில் எல்லாம் ஓரிரு மில்லிநொடியில் முடிந்துவிடும், அதற்குள் அடுத்த இடம் பற்றிக்கொள்ளும். கணவாய் மீனின் தடித்த நரம்பிழையில் இதை அளந்து 1952ல் கணக்காக எழுதியவர்கள் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும்.

வேகம் வேண்டுமென்றால் உறை வேண்டும். ஷ்வான் செல்கள் என்பவை நரம்பிழையைச் சுற்றிக் கொழுப்புப் படலத்தைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி வைக்கின்றன. அந்த உறையில் இடையிடையே சின்ன இடைவெளிகள். மின்சமிக்ஞை இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும். தாதரில் கிளம்பும் ஃபாஸ்ட் லோக்கல் மாட்டுங்காவிலும் சயானிலும் நிற்காமல் போவதுபோல. தொடுகையைச் சொல்லும் உறை போர்த்த இழைகள் இப்படித்தான் நொடிக்கு 70 மீட்டர் வரை எட்டுகின்றன.

தொழுநோய்க் கிருமி குடியேறுவது இந்த ஷ்வான் செல்களுக்குள். பார்ப்பவர்கள் தோல் நோய் என்று நினைக்கிறார்கள். அடியில் அது நரம்பு நோய். அந்தக் கிருமிக்கு உடம்பின் உள்சூடு ஆகாது, குளிர்ந்த இடம் வேண்டும். அதனால்தான் தோலுக்கு அருகில் ஓடும் முழங்கை நரம்பும் முழங்கால் பக்கத்து நரம்பும் கணுக்கால் நரம்பும் முகத்து நரம்பும் முதலில் பாதிக்கப்படுகின்றன. அது இரண்டாகப் பெருகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். கிருமி புகுந்து அடையாளம் தெரிவதற்குச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட. இவ்வளவு மெதுவாக வருவதால் ஆள் கவனிப்பதில்லை.

“நரம்பு தடிக்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா வெரலு மடங்கலை, பலம் கொறையலை. நல்ல நேரத்துல பாத்திருக்கோம்” என்றார் அண்ணாச்சி. மாத்திரை அட்டை இலவசம் என்று விளக்கினார். நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். மாத்திரை ஆரம்பித்தவுடனேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். வீட்டில் தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் வேண்டாம். வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்துகொள்ளலாம்.

இளைஞர் ஒன்றை மட்டும்தான் கேட்டார். “அம்மாகிட்ட என்னன்னு சொல்ல?”

“நரம்புல கிருமி, மாத்திரை சாப்பிட்டாச் சரியாயிரும்னு சொல்லுங்க. அதுதான் நெசம்” என்றார் அண்ணாச்சி.

மாட்டுங்காவில் ஒரு டம்ளர் காபி

மதியம் மாட்டுங்கா கிழக்கு. கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு டிகிரி காபி சொன்னோம். டபராவுக்குள் நின்ற டம்ளரின் விளிம்பை இரண்டு விரல் நுனியால் பிடித்துத் தூக்கினேன். அண்ணாச்சி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உணர்ச்சி இல்லாதவன் அப்படிப் பிடிக்க மாட்டான். முழுக் கையால பிடிப்பான். எவர்சில்வர் டம்ளரு எத்தன பேர வேக வச்சிருக்கு தெரியுமா? மறுநா காலைல கொப்புளம் பாத்துத்தான் தெரியும். அதே கையோட வேலைக்குப் போவான். சீழ் வைக்கும். எலும்புக்கு எறங்கும்.”

விரல் அழுகி விழும் நோய் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டது. அது அப்படியல்ல என்று காட்டியதில் தமிழ்நாட்டுக்குப் பங்கு உண்டு. 1914ல் கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1940களின் பிற்பாதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இந்த நோயாளிகளின் கைகளைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். தசை நல்ல தசையாக இருந்தது, காயம் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறியது. அப்படியானால் விரல் எங்கே போகிறது? ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். அடுப்பு, ஆணி, இறுக்கிப் பிடித்த சாவி. ராத்திரி தூங்கும்போது விரலை எலி கடித்தும் தெரியாமல் இருந்தவர்களைக் கண்டபோது, வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். கிருமி விரலைத் தின்னவில்லை. வலி இல்லாததால் விரல் காவலின்றிப் போயிருந்தது.

மெஸ்ஸை விட்டு வெளியே வந்து, பூக்கடைகளைக் கடந்து, ஐந்து தோட்டம் வழியாக வடாலா பக்கம் நடந்தோம். நிழல் அடர்ந்த தெருக்கள். அவற்றின் கோடியில் ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனையின் மதில். 1890ல், பம்பாய் மாநகராட்சி ஆணையராக இருந்த ஹாரி ஆக்வர்த்தின் முயற்சியில், வீடற்ற நோயாளிகளுக்கான காப்பகமாக இது தொடங்கியது. அன்றைக்கு மாட்டுங்கா நகரத்துக்கு வெளியே. பார்வையில் படாத தூரத்தில் வைப்பதுதான் அன்றைய ஏற்பாடு. நார்வேயில் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டது 1873ல். பரம்பரை நோயல்ல, சாபமும் அல்ல, கிருமிதான் என்று தெரிந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது. ஆனால் கொல்ல மருந்து இல்லை. 1898ல் வந்த சட்டம் நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்தது.

டாப்சோன் மாத்திரை 1940களில் வந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981ல் பரிந்துரைத்தது. 1976ல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பம்பாய் தொழுநோய்த் திட்டம், நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் தாராவி போன்ற குடிசைப் பகுதிகளுக்கே போய்த் தேடியது. கூட்டு மருந்து வந்து முப்பத்தைந்து வருடம் கழித்து, 2016ல்தான் அந்த 1898ஆம் வருடத்துச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டலாம் என்ற பிரிவு திருமணச் சட்டங்களிலிருந்து போனது 2019ல். தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோய் வந்துவிட்டது என்று 2005ல் அறிவித்தோம். அதோடு நோயே போய்விட்டது என்று பலர் நினைத்துவிட்டார்கள். இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்.

மதிலோரம் நின்று அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “இங்க வந்தவங்கள ஊரு கைவிட்டது பெருசு இல்ல தம்பி. அவங்க கையே அவங்களக் கைவிட்டிருந்துச்சு. அத யாரும் யோசிக்கலை” என்றார்.

செம்பூரில் ஒரு கை

மாலையில் செம்பூர். அண்ணாச்சியின் பழைய நோயாளி ஒருவர் அங்கே மகளோடு இருக்கிறார். இளமையில் தாராவித் தோல் தொட்டியில் வேலை பார்த்தவர். நோய் குணமாகி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிருமி போய்விட்டது. ஆனால் அதற்கு முன் செத்துப்போன நரம்பு திரும்பவில்லை. நரம்பு பாதிக்கப்பட்டு ஆறு மாதத்துக்குள் பிடித்தால் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தால் பலருக்கு மீட்டுவிடலாம். அவர் வந்தது மிகவும் தாமதமாக.

பெரியவர் எனக்குத் தன் வலது கையை நீட்டிக் காட்டினார். அல்னார் நரம்பு போனால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் ஓய்ந்து, விரல்கள் கொக்கிபோல மடங்கிக்கொள்ளும். அவருக்கும் மடங்கியிருந்தது. ஒவ்வொரு விரலையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு தசைநாண்கள் வருகின்றன. ஒன்றை எடுத்தாலும் மற்றது வேலை செய்யும். அதனால் நடுவிரலின் ஒரு தசைநாணை எடுத்து, நான்கு கீற்றாகப் பிரித்து, நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்த் தைத்தார்கள். பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் வேலூரில் வளர்த்தெடுத்த வழிமுறைகளில் ஒன்று இது.

“கட்டுப் பிரிச்ச அன்னைக்கு வெரல நீட்டுன்னாங்க. நீட்டணும்னு நெனைச்சா ஒண்ணும் நடக்கலை. நடுவெரல மடக்குற மாதிரி நெனைன்னாங்க. நெனைச்சேன். நாலு வெரலும் அசைஞ்சுது” என்றார். இதைச் சொல்லும்போது அறுபது வயதைத் தாண்டிய அவருடைய மகள், எத்தனையோ முறை கேட்டிருக்கக்கூடிய கதையை, அப்பாவின் கையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

மூளையைப் பற்றி நான் படித்த எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. மடக்குவதற்கென்று பிறந்த தசைக்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். மூளையில் அதற்கான உத்தரவு பழைய உத்தரவுதான். வாரக்கணக்கில் பயிற்சி செய்ய, அந்த உத்தரவின் பொருளை மூளை மாற்றி எழுதிக்கொண்டது. இப்போது அவர் நினைத்தெல்லாம் பார்ப்பதில்லை. சோற்றைப் பிசைந்து உருட்டுகிறார்.

அவருடைய இடது காலில் இரண்டு விரல்கள் வருடக்கணக்கில் தேய்ந்து மறைந்துவிட்டன. விபத்தில் கையோ காலோ போனவர்களுக்கு அந்த உறுப்பு இன்னும் இருப்பதாகவே தோன்றும், வலிக்கவும் செய்யும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரன், போன கையை உடையவரின் கன்னத்தைத் தொட்டால் கை தொடப்பட்டதாக அவர் உணர்வதைக் காட்டினார். மூளை வரைபடத்தில் முகமும் கையும் பக்கத்து வீடுகள். போன கையின் வலியைக் கண்ணாடிப் பெட்டி வைத்து ஆற்றும் வழியையும் அவர் கண்டார். ஆனால் தொழுநோயில் மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும் விரல்களுக்கு அந்த மாய உணர்வு வருவதில்லை என்று மேரியன் சிம்மல் என்ற உளவியலாளர் 1956லேயே எழுதியிருக்கிறார். பெரியவரிடம் கேட்டேன். “இருக்கிற மாதிரியும் தோணாது, போன மாதிரியும் தோணாது. பாத்தாத்தான் தெரியும்” என்றார்.

பாத்தாத்தான் தெரியும். அவருடைய வாழ்க்கை முறையே அதுதான். தினமும் ராத்திரி காலைத் தண்ணீரில் ஊறவைக்கிறார். வியர்க்க வைக்கும் நரம்புகளும் செத்துவிட்டதால் தோல் காய்ந்து வெடிக்கும். ஊறிய பாதத்தைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவுகிறார். பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து பாதத்தின் ஒவ்வொரு இடத்தையும் பார்க்கிறார். அடிப்பாதத்துக்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. எங்காவது சிவந்திருந்தால் மறுநாள் நடை குறைப்பு. செருப்பு போடும் முன் உள்ளே கல் இருக்கிறதா என்று கவிழ்த்துத் தட்டுகிறார். நம் நரம்புகள் நம்மைக் கேட்காமல் ராப்பகலாகச் செய்யும் வேலையை, அவர் நாற்பது வருடமாகக் கண்ணால் செய்துகொண்டிருக்கிறார்.

“முருகன் கோயிலுக்குப் போவமா?” என்றார் திடீரென்று. சேடா நகரில் இருக்கும் திருச்செம்பூர் முருகன் கோயிலுக்கு 108 படி. ஆட்டோவில் போய் இறங்கினோம். வெயில் தாழ்ந்திருந்தது. ஆனாலும் அன்று பகலெல்லாம் நன்றாகக் காய்ந்திருந்தது. அவருக்கென்று செய்த மெத்தென்ற ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வெறுங்காலோடு ஏறும் ஜனங்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் யாரும் படியைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

பெரியவர் முதல் படிக்கு முன்னால் நின்றார். காலை எடுத்து வைக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“தம்பி, படி சூடா இருக்கா பாருங்க.”

நான் குனிந்து உள்ளங்கையை விரித்து வைத்தேன். காலையில் சுட்ட விரல் நுனியில் இன்னும் லேசான எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சலுக்கு அடியில், படியின் வெதுவெதுப்பு மெல்ல ஏறி வந்தது. அவசரப்படாமல் கையை அங்கேயே வைத்திருந்தேன்.

“ஆறிடுச்சு ஐயா. ஏறலாம்” என்றேன்.

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதம் வைக்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து, ஏறத் தொடங்கினார்.